மாப்பிள்ளை இன்னும் குவியல் மேல் ஏறவில்லை

1.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் யோசித்த கதை இல்லை. என் தங்கை வீட்டுக்காரர் நேற்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னது. அனல் மின் நிலையத்து நிலக்கரி யார்டில் அவர் புல்டோசர் ஓட்டுகிறார்.

"சுரங்கத்துல ஏத்துன கரி முழுசா பாய்லருக்கு வருதுன்னா நினைக்கிறீங்க மச்சான்? வழியில காத்து கொஞ்சம் திங்குது, மழை கொஞ்சம் திங்குது. யார்டுக்கு வந்தா கரி தன்னைத்தானே தின்னுக்குது."

கரி தானாக எரியுமா? நான் நம்பவில்லை. இன்று போய்ப் பார்த்தேன். புகைந்தது. (பார்த்த பிறகும் பாதிதான் நம்பினேன்.)

2.
'கரிய மலையின் மீது காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை...'

வேண்டாம். கதிரவன் என்று நான் வாயால் சொன்னதே கிடையாது.

மாப்பிள்ளை வண்டியைக் குவியலடியில் நிறுத்தினார். உச்சியில் புகை. இன்ஜினியர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஏறி அழுத்துப்பா. உள்ள காத்து போகுது, அதான் புகையுது. விட்டா மொத்தமும் சாம்பல்தான்."

"உள்ள வெந்து பொந்தாயிருந்தா? வண்டியோட நானும் போயிடுவேன் சார்."

"பொந்து இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வாங்க, சேர்ந்தே ஏறுவோம்."

"எனக்குப் பிள்ளைகுட்டி இருக்குப்பா."

"எனக்கு மட்டும் என்ன, கோழிக்குஞ்சா இருக்கு?"

இன்ஜினியர் தொப்பியை மாட்டிக்கொண்டார். "நாளைக் காலையில ஏறு. இல்லைன்னா வேற ஆளைப் பார்க்கணும்."

(இந்த இன்ஜினியரை முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். பெரிய மீசைகூட வைத்தேன். அழுத்தாவிட்டால் கரி வெந்துபோகும் என்பது நிஜம்தானே. எடுத்துவிட்டேன், மீசையையும் சேர்த்து.)

3.
முடிவு ஒன்று: ஏறினார், அழுத்தினார், புகை அடங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: ஏறினார். பாதி தூரத்தில் வண்டியின் மூக்கு மெல்லக் கீழே

இந்த இடத்தில் தங்கை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஏண்ணே, சாகடிக்க உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"கதைதானேம்மா."

"கதைன்னா அந்த இன்ஜினியரை ஏத்து."

4.
மாப்பிள்ளை தூங்கப் போகுமுன் வந்து நின்றார்.

"கதையில நான் ஏறுறேனா மச்சான்?"

"இன்னும் எழுதலை மாப்பிள்ளை."

"எழுதுனா சொல்லுங்க. எனக்கும் ஒண்ணும் புரியலை."

அழுத்தவும் ஆள் வேண்டும், ஆளும் வீடு திரும்ப வேண்டும். இரண்டையும் சேர்த்து எழுத எனக்குத் தெரியவில்லை. ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நீங்களே ஏற்றிக்கொள்ளுங்கள். என் கையால் நடக்காது.

கரி போனால் போகட்டும்.