லிஃப்டில் அடுக்கிய கட்டில்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கூட்டத்திலிருந்து வந்தது. பெற்றோரை இழந்த அக்கா தங்கை பற்றிய படம். நான் வசனம் எழுதுகிறேன். "இப்பல்லாம் எல்லாருக்கும் படத்துல இடம் இருக்கணும்" என்றார் தயாரிப்பாளர். இயக்குநர் தலையாட்டினார். டீ வந்து சேர்வதற்குள் படத்துத் தங்கைக்கு நடக்க முடியாமல் போய்விட்டது.

நடக்க முடியாத பெண் ஒருத்தியே நடிக்கட்டும் என்று ஆள் தேடினோம். நடிப்புத் தேர்வு எங்கள் அலுவலகத்தில், மூன்றாம் மாடியில். லிஃப்டுக்குள் அனாதை விடுதிக் காட்சிக்காக வாங்கிய இரும்புக் கட்டில்களை அடுக்கி வைத்திருந்தோம். யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

2

தொடக்கங்கள்:

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் — (மழையெல்லாம் இல்லை.)

அக்காவின் முதுகில் அவள் ஒரு பூவைப் போல — (வேண்டாம். நல்ல கனம். அக்காவுக்கு மூச்சு வாங்கியது.)

சரி, நடந்ததையே எழுதுகிறேன். சக்கர நாற்காலியைக் கீழே வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு, தையல் கடையில் வேலை பார்க்கும் அக்கா, தங்கையை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் ஏறி வந்தாள். தங்கை நாடக மேடையில் பழகியவள். [இவர்களுக்கும் அப்பா அம்மா இல்லை. கதைக்காக நான் சேர்த்தது என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், விளக்கத் தெம்பில்லை.]

அவள் திரைக்கதையில் ஒரு பக்கத்தை நடித்துக் காட்டினாள். என் வசனம் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. ஆனால் இயக்குநரின் மனம் வாசலிலேயே நின்றுவிட்டது. "முதுகுல தூக்கிட்டு வந்தீங்களே, அது நமக்குப் படத்துல வேணும்" என்றார்.

வேடம், ஊருக்கே தெரிந்த ஒரு நடிகைக்குப் போயிற்று. தங்கைக்கு வேறு வேலை கிடைத்தது: முதுகில் எப்படித் தொற்றிக்கொள்வது என்று அந்த நடிகைக்குக் கற்றுக்கொடுப்பது. "பக்கத்துலயே இருந்தா, கூப்பிடாமலா போயிடுவாங்க" என்று அக்கா சொன்னதால் சம்மதித்தாள்.

3

ஒத்திகை, அதே அலுவலகத்தில். தங்கையைக் கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். படத்து அக்கா படித் திருப்பத்தில் நின்று நெற்றியைத் துடைக்க வேண்டும். "இன்னும் களைப்பு வேணும்" என்று இயக்குநர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"தூக்குறவங்க களைப்பையே காட்டுறீங்களே சார்" என்றாள் தங்கை. "முதுகுல இருக்கிறவளுக்கும் களைப்பு உண்டு. அக்கா மூச்சு வாங்குறது என் காதுலயேதான கேட்குது. ஒவ்வொரு படிக்கும் மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுட்டே வருவேன்."

அவளுடைய அக்கா தரையைப் பார்த்தாள்.

"பிரமாதம்" என்றார் இயக்குநர். "ரைட்டர், எழுதிக்குங்க. நம்ம ஹீரோயின் சொல்லட்டும்."

"அப்ப நான் என்ன சார் சொல்றது?"

"நீதான் சொல்லிட்டியேம்மா."

(எழுதிக்கொண்டேன். அதற்குத்தான் சம்பளம்.)

4

முடிவுகள்:

அ) வேடம் அவளுக்கே கிடைக்கிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். (நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும்தான்.)

ஆ) அவள் ஆத்திரத்தோடு எழுந்து வெளியே நடந்— (பார்த்தீர்களா? எழுதி எழுதிப் பழகிப்போன கை. இவளைப் பற்றி எழுதும்போதே இவளை எழுந்து நடக்க வைத்துவிட்டது.)

கோபித்துக்கொண்டு போவதற்கும் அவளுக்கு ஒரு முதுகு வேண்டும்.

"அக்கா, கீழ போலாம்" என்றாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கடி. அடுத்த படத்துலயாவது..." அக்கா குனியவில்லை.

"போலாம்க்கா."

கதை இங்கேதான் பல நாளாக நிற்கிறது. அக்காவைக் குனிய வைக்க எனக்கு மனமில்லை. அவளும் எத்தனை தடவைதான் குனிவாள்? தங்கையைப் பொறுத்துக்கொள்ள வைக்கவும் முடியவில்லை. எனக்கு அலுத்துவிட்டது.

மிச்சம் இருப்பது லிஃப்ட் ஒன்றுதான். அதில் கட்டில்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றை வெளியே எடுத்துவிட்டால் போதும். கம்ப்யூட்டர் நாற்காலிக்கும் சக்கரம் இருக்கிறது. அவளே உருட்டிக்கொண்டு உள்ளே போய், அவளே பொத்தானை அழுத்திக்கொள்வாள். இல்லை, இங்கேயே இருந்து இயக்குநரோடு சண்டை போடுவாள். அது அவள் பாடு, நான் எழுத வேண்டியதில்லை.

ஆனால் இரும்புக் கட்டிலை ஒரு ஆளால் தூக்க முடியாது. பேனாவை வைத்துவிட்டேன். தலைமாட்டை நான் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் கால்மாட்டுப் பக்கம் வாருங்கள்.