விசிறி தானாகச் சுற்றியது

பிழைக்கத் தெரியாத மனுஷன் என்றால் அது என் புருஷன்தான். என் அண்ணனின் வார்ப்புப் பட்டறையில் கரண்ட் போனால், உலைக்குக் காற்று ஊதும் விசிறியைக் கையால் சுற்றுவது அவர் வேலை. கரண்ட் போகாத நாளே கிடையாது. தோள் தேய்ந்து, சட்டை மாட்டக்கூட நான்தான் கையைத் தூக்கிவிட வேண்டும். அந்த வேலைக்காகத்தான் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் அறையில் எங்களைக் குடிவைத்திருந்தான் அண்ணன்.

வலி பொறுக்காமல் இவர் ஒரு இரும்புக் குழாயைக் கட்டினார். இரண்டு பக்கமும் இறுக மூடியது. ஒரு நுனி உலை அனலில் காயும். மறு நுனியைச் சுற்றி மேல்தொட்டித் தண்ணீர் ஓடும். அதற்கான வால்வு எங்கள் அறையில். சூடும் குளிரும் சேர்ந்தால் உள்ளே அடைபட்ட காற்று உறுமும். அந்தச் சத்தம் காற்றை முன்னும் பின்னும் தள்ள, குழாய்க்குள் இருக்கும் கையளவு டர்பைன் சக்கரம் சுற்றி விசிறிக்குக் கரண்ட் தரும். காற்று எந்தப் பக்கம் போனாலும் அது ஒரே பக்கம்தான் சுற்றும்.

"மாப்பிள்ளை குழாய்க்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாரு," என்பான் அண்ணன். வேலையாட்கள் சிரிப்பார்கள்.

அன்று கரண்ட் போனதும் எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டினார். குழாய் உறுமியது. விசிறி தானாகச் சுற்றியது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

"பலே மாப்பிள்ளை! அப்போ இனிமே இதைச் சுத்த ஆளு வேணாம், இல்ல?" அந்த வலிக்கிற தோளிலேயே தட்டினான் அண்ணன். "ரூமைக் காலி பண்ணிடுங்க. கரி கொட்டிக்கலாம்."

இவர் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறைக்கு ஓடி வால்வை அடைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் உறுமல் தேய்ந்தது. விசிறி நின்றது.

"அவ்வளவுதானா? ஊரை ஏமாத்துற வேலையா இது?" அண்ணன் காறித் துப்பினான். "போங்க, போய்க் கையால சுத்துங்க. நீங்க அதுக்குத்தான் லாயக்கு."

அப்பாடா, அறை தப்பித்தது. திட்டினால் திட்டட்டும்.

இவர் கைப்பிடியின் பக்கமே போகவில்லை. குளிர்ந்திருக்க வேண்டிய மறு நுனியைத் தொட்டார், சூடு பட்டுக் கையை உதறினார், என்னைப் பார்த்தார். வால்வை அடைத்தது நான்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாலேயே கெஞ்சினேன்.

"ஏமாத்து வேலை இல்ல மச்சான்! தண்ணி நின்னுபோச்சு, அவ்வளவுதான்!"

ஓடிப்போய் வால்வைத் திறந்தார். குழாய் மறுபடி உறுமியது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று குதித்தார்.

பார்த்தான் அண்ணன். ஆட்களைக் கூப்பிட்டு எங்கள் பாத்திரங்களை வெளியே வைக்கச் சொன்னான். பாவி மனுஷன், அப்போதும் விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.