நானூற்றுப் பதின்மூன்றாவது ஆள்

"ரெண்டு போதும். மூணாவத எடுத்து வெச்சிடு" என்றாள் மணியம்மாள். சொன்னதோடு நிற்காமல், மருமகளின் தட்டிலிருந்த மூன்றாவது இட்லியைத் தானே எடுத்துக் குண்டானில் போட்டாள்.

காயத்ரிக்கு ஏழாம் மாதம். வீட்டில் எல்லோரும் நாஷ்டா முடித்துக் கை கழுவிய பிறகுதான் அவளுக்குத் தட்டு. மணி பத்தரை ஆகியிருந்தது.

"பசிக்குது அத்தை."

"பசிக்கத்தாம்மா செய்யும். வயித்துல புள்ள பெருசாயிட்டா பெத்துப் பொழைக்கிறது யாரு? என் தங்கச்சி அப்படித்தான் போய்ச் சேர்ந்தா. அரை வயிறா சாப்புடு, சொகமா பெத்துக்கலாம்."

கெட்ட எண்ணமா அது? இல்லவே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அந்த அம்மாள் பாசத்தோடுதான் பட்டினி போட்டாள்.

பக்கத்து நாற்காலியில் வீரராகவன் இருந்தான், காயத்ரியின் கணவன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சாதாரண ஆளா அவன்? தினமும் கும்மிடிப்பூண்டியில் ரயிலேறிச் சென்னைக்குப் போய், கருவிலிருக்கும் குழந்தையின் மூளை எப்படி வளர்கிறது என்று ஆராய்கிற விஞ்ஞானி! தாய் அரை வயிறு சாப்பிட்டால் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும் என்று ஆறு வருஷத்துக்கு முன்பு, 2002இல், அவன் ஒரு கட்டுரை எழுதினான். அதை இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு பேர் உலகம் முழுக்கத் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அதனால் பதவி உயர்வு. அதற்காக இன்று மதியம் விருந்து.

அந்தக் கட்டுரைக்காகத் தொழிற்பேட்டையிலும் புதுவாயலிலும் வீடு வீடாக எடைமெஷினைச் சுமந்தவள் காயத்ரிதான். பெண்களிடம் பேச அவனுக்குக் கூச்சம். நூற்றெண்பது கர்ப்பிணிகளை அவள் எடை போட்டாள். "உங்க ஊட்ல கடைசியா சாப்புடுறது யாரு?" என்பது ஏழாவது கேள்வி. "இன்னாம்மா கேள்வி இது, நாங்கதான்" என்று எல்லோரும் சிரித்தார்கள். கட்டுரையின் கடைசியில் நன்றி என்று போட்டு அவள் பெயரையும் ஒரு வரியில் எழுதியிருந்தான்.

மறுவருஷம் அவளே கர்ப்பமானாள். இதே அரை வயிறு. "நீங்க எழுதினத அத்தைகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்று கெஞ்சினாள்.

"அம்மாகிட்டப் போய் எப்படிச் சொல்றது? மனசு கஷ்டப்படும். நீ சும்மா இரு."

அவளும் சும்மா இருந்தாள், பாவி. ஒன்றரைக் கிலோவில் பெண் பிறந்தாள். பதினோரு நாள் இருந்தாள். பெயர் வைப்பதற்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு வீரராகவன் இன்னும் இரண்டு கட்டுரைகள் எழுதினான். இரண்டுக்கும் நல்ல பெயர்.

மதியம் விருந்தாளிகள் மூன்று பேர் இலை முன் உட்கார்ந்தார்கள். "நானூத்திப் பன்னண்டு! நம்ம ஆபீஸ்ல யாருக்கும் இவ்ளோ கெடையாது" என்றார் அவனுடைய மேலதிகாரி தணிகாசலம். வீரராகவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சாம்பார் வாளியோடு குனிந்த காயத்ரியின் வயிற்றில் குழந்தை உதைத்தது.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். வரிசையின் கடைசியில் இன்னொரு இலையைப் போட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, தானே சோற்றைப் போட்டுக்கொண்டாள்.

மணியம்மாள் ஓடி வந்தாள். "இன்னாடி பண்ற? ஆம்பளைங்க சாப்புட்டுக்கினு இருக்கசொல்ல..."

"கர்ப்பிணி அரை வயிறா சாப்புட்டா புள்ளைக்கு மூள சரியா வளராது, அத்தை. எடையும் ஏறாது, பொழைக்கிறதே கஷ்டம்." காயத்ரி சோற்றைப் பிசைந்தாள். "நானா சொல்லல. நூத்தியெம்பது பேர எடை போட்டுப் பாத்து உங்க புள்ள எழுதியிருக்காரு. அதுக்குத்தான் இந்த விருந்து."

அந்தக் கட்டுரையை எடுத்துச் சொன்னவர்களில் அவள் நானூற்றுப் பதின்மூன்றாவது ஆள். அந்த வீட்டுக்குள் அவள்தான் முதல் ஆள்.

விருந்தாளிகளின் கை இலையில் நின்றது. மணியம்மாள் மகனைப் பார்த்தாள்.

"மெய்யாவா? நீயா எழுதின?"

வீரராகவன் குனிந்துகொண்டான்.

"அப்போ... அந்தப் பொண்ணு கொழந்த?" கிழவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "எல்லாம் தெரிஞ்சுமா சும்மா குந்திக்கினு இருந்த, படுபாவி?"

காயத்ரி அழுதுகொண்டே சாப்பிட்டாள். இலை காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை.