ஈரத்துணியில் சுற்றிய ஒயின்

1.

இந்தக் கதைக்கு மூலம் ஒரு கைபேசித் தேடல்: “ஒயினை வீட்டிலேயே சீக்கிரம் குளிர வைப்பது எப்படி?” தேடியவன் பெயர் ஷ்ரவண் என்று வைத்துக்கொள்வோம். மாட்டுங்கா, மூன்றாவது மாடி, பி.காம். முதல் வகுப்பு. நான் சயானில் பி.ஏ. இரண்டாம் ஆண்டையே இரண்டாம் முறை படிக்கிறேன் என்பதால் அவன்மேல் மரியாதை உண்டு.

ஆரம்பம் அ: மே மாத மும்பையில் காதலுக்குக்கூட வியர்க்கும்போது

(அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பிக்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

ஆரம்பம் ஆ: மணி ஆறரை. தாத்தாவின் நாளைய தேவசத்துக்கு வாழையிலை வாங்கப் போன அப்பாவும் அம்மா ராஜலக்ஷ்மியும் ஏழு மணிக்குத் திரும்புவார்கள். அதற்குள் தாராவியிலிருந்து பிரேமலதா வருவாள். ஐந்து வருஷக் காதல். நாளை அவளைப் பெண்பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து வருகிறார்கள். இன்றைக்கும் ஷ்ரவண் அம்மாவிடம் வாயைத் திறக்கவில்லையென்றால் பிரேமலதா அவர்களுக்குச் சரி சொல்லிவிடுவாள். தைரியத்துக்கென்று நாசிக் ஒயின் ஒரு பாட்டில் வாங்கியிருக்கிறான். அது கஷாயம்போல் சுடுகிறது.

2.

வழி ஒன்று: வாளியில் ஐஸ், தண்ணீர், ஒரு கை உப்பு. அத்தனை ஐஸ் கீழே மீன்காரரிடம்தான் கிடைக்கும். (எழுதிப் பார்த்தேன். லிஃப்டில் அடித்த வாசனைக்கு பில்டிங் சொஸைட்டியே கூடிவிட்டது.)

வழி இரண்டு: பாட்டிலை ஈரத்துணியில் சுற்றி ஃப்ரீசரில் வைக்கவும். வீட்டில் ஈரமாக இருந்தது ஒரே துணி. உயரக் கொடியில் குச்சியால் உலர்த்தியிருந்த அம்மாவின் ஒன்பது கஜம்.* அம்மாவிடம் ஒரு வாக்கியம் பேச ஐந்து வருஷமாகத் துணியாதவன், அதை ஒரே இழுப்பில் உருவினான்.

* மடிப்புடவை. அதைக் கட்டிக்கொண்டுதான் நாளை தேவசச் சமையல். யார் தொட்டாலும் போச்சு.

3.

“எப்பிடிச் சொல்லப்போற? என்கிட்ட ஒருக்கா சொல்லிக் காட்டு,” என்றாள் பிரேமலதா.

“அஞ்சு நிமிஷம் இரு லதா. சில்லுனு ஆயிடும்.”

“நான் என்ன கேக்கேன், நீ என்ன சொல்லுத?”

“சூடா குடிச்சா நன்னா இருக்காது.”

“அரே, மோரக் குடிச்சிட்டுச் சொல்லேன்!” ஃப்ரீசரைத் திறந்தாள். உள்ளே தலையணை அளவுக்கு ஒரு மூட்டை. “இது யாரு சேல?”

“ஈரமா இருந்தது.”

“உங்கம்மா மடிச்சேலையா?” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “இன்னிக்குப் பூரா இந்தச் சேலையப் பத்தித்தான் பேச்சு ஓடும். எனக்கு எங்க எடம்? வேணும்னேதான செஞ்ச?”

“பிராமிஸா இல்ல.”

(அவனை உருவாக்கியவன் நான். எனக்கும் தெரியவில்லை.)

மூட்டையை இழுத்தாள். துணி ஃப்ரீசர் சுவரோடு உறைந்து ஒட்டியிருந்தது. வாசல் மணி அடித்தது.

4.

முடிவு அ: அவன் சொல்கிறான். பதினோரு தடவை எழுதினேன். “அம்மா, இவ பிரேமலதா, நான் இவளை” வரைக்கும் வருகிறான். பிறகு, “புடவை ஈரமா இருந்ததும்மா.” என் கதை, என் ஆள். மிச்சம் இரண்டு வார்த்தை வாங்க முடியவில்லை.

முடிவு ஆ: அவளே சொல்கிறாள். முடியாதாம். “அஞ்சு வருசமா எல்லாத்தையும் நாந்தான் சொல்லியிருக்கேன். இது ஒண்ணு அவன் சொல்லட்டும்.” என்னிடமே சொன்னாள்.

முடிவு இ: ராஜலக்ஷ்மி நல்ல மனசுக்காரி, அதனால் தானே புரிந்துகொண்டு

(இல்லை.)

ராஜலக்ஷ்மி வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். ஒரு செருப்பு கழன்றாயிற்று. பிரேமலதா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் வாயையே பார்க்கிறாள். இனி என்னால் யாரையும் நிறுத்தி வைக்க முடியாது. நீங்கள் யாராவது வந்து சொல்லுங்கள். இடம் விட்டிருக்கிறேன்:

“அம்மா,