சபைக்குள் ஒரு கொசு

அதிபரின் ஆண்டு உரைக்கு ஒருவரும் கைதட்டக் கூடாது என்பது எதிர்க்கட்சியின் கண்டிப்பான உத்தரவு. உறுப்பினர் 'இடிமுழக்கம்' கைகளைக் கட்டிக்கொண்டு, விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். கண்டன அறிக்கை காலையிலிருந்தே சட்டைப்பையில் தயாராக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அதிபர், இடிமுழக்கத்தின் தொகுதியில் ஆற்றுப் பாலம் கட்டப்போவதாக அறிவித்துத் தொலைத்தார். இத்தனை வருடம் தொண்டை வற்றக் கத்தியும் கிடைக்காத பாலம்! பாழாய்ப்போன கைகள் படபடவென்று தட்டிவிட்டன. கட்சிக் கொறடா திரும்பி முறைத்தார்.

வாசலில் நிருபர்கள் மொய்த்துக்கொண்டார்கள்.

"என்ன சார், நீங்களே கை தட்டிட்டீங்க?"

"யாருய்யா கை தட்டினா? கொசு அடிச்சேன்! சபைக்குள்ள இருக்கற கொசுவ ஒழிக்கவே துப்பில்ல, இதெல்லாம் ஒரு ஆட்சியா?"

அடடா, அறிக்கையைவிட இது பிரமாதம் என்று அவருக்கே பட்டது. கொறடாகூடச் சிரித்துவிட்டார். இடிமுழக்கம் மீசையை முறுக்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

எல்லாவற்றையும் டிவியில் பார்த்திருந்த மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கொசு அடிச்சீங்க, சரி. அதுக்கு எதுக்குங்க எந்திரிச்சு நின்னு, கண்ணத் தொடச்சுத் தொடச்சு அடிச்சீங்க?"