நகை வரி கட்டாத சனிக்கிழமை

ஜெனுஷா ஒஸ்லோவில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் நாணய அறைக்குப் பொறுப்பாக இருந்தாள். மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றுக்காக, பழைய வரி ஒன்றைப் பற்றி ஒரு நிகழ்ச்சி ஆயத்தம் செய்திருந்தாள். பதினெட்டாம் நூற்றாண்டு முடிகிற தறுவாயில், இலங்கையின் கரையோரத்தைப் புதிதாகப் பிடித்திருந்த பிரித்தானியர் நகை அணிகிறவர்களுக்கு ஒரு வரி போட்டார்கள். நகைக்கான போர்த்துக்கேயச் சொல் ஆங்கிலேயர் வாயில் ‘ஜோய்’ ஆகிவிட, அதற்கு ‘ஜோய் வரி’ என்றே பெயர். துண்டுப்பிரசுரம் அடித்தவருக்கு இது தெரியாது. ஜோய் என்றால் ஆங்கிலத்தில் மகிழ்ச்சிதானே! ‘மகிழ்ச்சி வரி: வந்து கட்டுங்கள்’ என்று நோர்வேஜிய மொழியில் பெரிதாகப் போட்டுவிட்டார்.

புலம்பெயர்ந்தவர்கள் கூடும் குறொன்லாண்ட் கடைகள்வரை அது போய்ச் சேர்ந்த பிறகுதான் ஜெனுஷா பார்த்தாள். அழுகை வந்தது. அன்று பின்னேரமே மரியகொறற்றி தொலைபேசியில் அழைத்தாள். ட்வெய்ட்டாவில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்யும் அவள், ஜெனுஷாவின் அம்மாவுடைய சிநேகிதி.

“பிள்ளை, சந்தோசமா இருக்கிறதுக்கும் வரியோ?”

“இல்லை அன்ரி, பிழையா அடிச்சிட்டாங்கள். நகை போட்டதுக்கு வரி. வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில எங்கட ஆக்களிட்டை வாங்கினது.”

“என்ர காதில கிடக்கிறதுக்கு அவனுக்கு ஏன் காசு?”

“அதைத்தான் சனிக்கிழமை சொல்லப்போறன்.”

“அப்ப நாங்கள் நகையோடை வாறம்.”

சொன்னபடியே வந்தாள். அவளோடு இன்னும் பத்துப் பெண்கள். மழைச்சட்டைகளைக் கழற்றியதும் பட்டுச் சேலையும் அட்டியலும் காப்பும் மண்டபம் முழுக்க மின்னின. ‘மகிழ்ச்சி வரி’ என்னவென்று பார்க்க வந்த நோர்வேஜியர்கள் வாய்பிளந்து நின்றார்கள்.

நாணய அறை வாசலில் அந்தக் காலப் பிரித்தானியரைப்போலச் சிவப்புக் கோட்டுடன் நின்றவன் ஜெனுஷாவின் கணவன் கிளின்ரன். மற்ற நாளில் சுரங்க ரயில் ஓட்டுபவன், இன்று வரி அதிகாரி. ஆளுக்கு ஐந்து அட்டைக் காசு கொடுத்து, ஒரு நகைக்கு ஒரு காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடுவதுதான் திட்டம்.

“தோட்டுக்கு ஒண்டு, காப்புக்கு ஒண்டு, சங்கிலிக்கு ஒண்டு. எடுங்கோ அன்ரி.”

“தரமாட்டன்,” என்றாள் மரியகொறற்றி.

“அன்ரி, இது நாடகம்.”

“நாடகமெண்டாலும் தரமாட்டன்.” அவள் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். மற்றப் பத்துப் பேரும் சேலையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார்கள். கிளின்ரன் மனைவியைப் பார்த்தான். இதற்கு அவள் வசனம் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அருங்காட்சியக மேலாளர் கரோலினா வந்தாள். தங்கை மகளான பெறாமகளின் தேவாலயச் சடங்குக்குப் போகும் வழி. நோர்வேஜிய மரபுடையும் நெஞ்சில் வெள்ளிப் பதக்கங்களுமாக நின்றாள். கிளின்ரனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

“பதக்கம் மூன்று. மூன்று காசு,” என்றான் நோர்வேஜிய மொழியில்.

கரோலினா அவனையும் படியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பாவாடையை ஒதுக்கிக்கொண்டு மரியகொறற்றியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. கல்யாண மோதிரம் போட்டிருந்த எல்லோரும் படியேறி உட்கார்ந்தார்கள். வரி அதிகாரி தனியே நின்றான்.

நாற்பது நிமிடப் பேச்சை ஜெனுஷா பையிலேயே விட்டாள். நடுப்படியில் உட்கார்ந்து, தென்னை மரத்துக்குக்கூட வரி போட்டதையும், சனங்கள் கிளர்ந்ததையும், நகை வரி நெடுநாள் நிலைக்காததையும் சொன்னாள். அதைக் கேட்ட கிளின்ரன் கையிலிருந்த வரிப் பட்டியலைக் கிழித்தெறிந்தான். பிறகு எல்லோரும் நாணய அறைக்குள் நெருக்கியடித்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கிடந்த, அன்று வரியாகக் கட்டிய வெள்ளிக் காசு விரல் நகத்தைவிடச் சிறியது.

“இந்தப் பொட்டுக்கோ இவ்வளவு சண்டை!” என்றாள் மரியகொறற்றி.

ஜெனுஷாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திடீரென்று கரோலினா மணிக்கூட்டைப் பார்த்து, சடங்குக்கு நேரமாகிவிட்டதென்று அலறினாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி வெளியே ஓடினாள். தரிப்பிடத்தில் பேருந்து கதவை மூடிக்கொண்டிருந்தது. அவளை முந்திக்கொண்டு சிவப்புக் கோட்டுக்காரன் பாய்ந்து கையை ஆட்டினான். சாரதி திகைத்துப்போய்க் கதவைத் திறந்தார். பின்னாலேயே வந்து வாசற்படிகளில் நின்ற பெண்கள் காப்புகள் குலுங்கக் கைதட்டினார்கள்.