நெஞ்சு முப்பத்தெட்டு

கோட்டின் கை ஆனந்தராசாவின் விரல் நுனியைத் தாண்டி இன்னும் மூன்று விரற்கடை தொங்கியது. நெஞ்சுப் பக்கத்திலோ பொத்தானும் பொத்தான் துளையும், கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி, ஆளுக்கொரு கரையில் நின்றன. தோள்மூட்டில் ஏதோ ஒரு தையல் மெல்ல முனகியது.

"கழட்டுங்கோப்பா, கிழியப்போகுது," என்றார் மனைவி ஞானாம்பிகை, குசினி வாசலில் நின்றபடி.

"கிழியட்டும். கடைக்காரன் விட்ட பிழைக்கு நான் ஏன் கழட்டவேணும்?"

ஸ்கொட்லாந்து ஆம்பிளைகள் கலியாணங்களுக்குக் கட்டுகிற மடிப்புப் பாவாடைக்குக் கில்ட் என்று பெயர். அதற்கு மேலே போடுகிற கோட் சாதாரணக் கோட்டைவிடக் கட்டையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மடிப்புகளின் அழகை மூடிவிடும். அந்தக் கட்டைக் கோட்தான் இப்போது ஆனந்தராசாவின் பாதித் தொடைவரை இறங்கி நின்றது. மகள் வித்தியா கட்டப்போகிற ஸ்டுவர்ட்டின் பரம்பரை அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஆகவே ஒரு ஒப்பந்தம்: காலையில் கோயிலில் மாப்பிள்ளை வீட்டார் வேட்டி கட்டுவார்கள். பின்னேரம் மண்டபத்தில், பெண்ணைக் கைபிடித்து மணமேடைக்கு அழைத்துவருகிறவர் கில்ட் கட்டுவார். இதை ஊர்ச் சங்கத்தின் நிர்வாகக் கூட்டத்தில் 'இரு நாகரிகங்களின் கைகுலுக்கல்' என்று அறிவித்து ஆனந்தராசா கைதட்டலும் வாங்கியிருந்தார். பதினான்கு வருடமாக அவர்தான் சங்கத் தலைவர். எதிர்த்துப் போட்டியிட ஆளில்லாததற்கு அவர் சொல்லும் காரணம் மக்களின் அன்பு. மக்கள் சொல்லும் காரணம், தலைவராக இருந்தால் கூட்டத்துக்கு ஒருதரம்தான் பேசுவார், சாதாரண உறுப்பினரானால் ஒவ்வொரு விசயத்துக்கும் எழும்புவார் என்கிற பயம்.

அளவு எடுத்தது மாசி மாதத்தில். கடை எடின்பரோவில். 'உங்களை நீங்களே அளக்காதீர்கள், இன்னொருவர் அளக்கட்டும், மூச்சை இயல்பாக விடுங்கள்' என்று இணையத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வித்தியா வாசிக்க வாசிக்க ஞானாம்பிகை நாடாவைச் சுற்றினார். ஆனந்தராசா வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, சிலை திறப்பு விழாவில் சிலையே தான்தான் என்பதுபோல நின்றார்.

"நாப்பத்தி நாலு."

"நாப்பத்திரண்டெண்டு எழுது பிள்ளை. தையல்காரன் எப்பிடியும் ரெண்டு இஞ்சு லூஸ் விடுவான்."

"அது எங்கட ஊர்ச் சுன்னாகத்துத் தையல்காரன்," என்றார் ஞானாம்பிகை. "வெள்ளைக்காரன் சொன்ன அளவுக்குத்தான் தைப்பான்."

"அப்ப கலியாணத்துக்கிடையில குறைப்பன்."

"குறைக்கிறதெண்டால் வாயை மூடவேணும்."

வித்தியா விழுந்து விழுந்து சிரித்து, நாற்பத்திரண்டு என்று தொலைபேசியில் குறித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவர் மகளைக் கைபிடித்து மணமேடைக்கு நடக்கிற நடையைப் பழகினார். டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்குகிற இடத்தில் அவர் சூப்பர்வைசர். மதிய இடைவேளையில், வரிசையாக நிற்கிற சாப்பாட்டு வண்டில்களுக்கு நடுவே, கூட வேலைசெய்கிற டெனிஸ்டன் மணப்பெண்ணாகி அவர் கையைப் பிடித்துக்கொள்வான். தலையில் வலைத்தொப்பி. "அண்ணை, மெல்ல. என்னைக் குடுக்க உங்களுக்கு இவ்வளவு அவசரமோ?" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். ஆனந்தராசாவும் சிரிப்பார். ஆனால் குளிரறைக் கதவடியில் திரும்புகிற நேரம் ஒவ்வொருமுறையும் பிடித்த கையை ஒருதரம் இறுக்குவார். அதை டெனிஸ்டன் கண்டும் காணாதவன்போல் விட்டுவிடுவான்.

கோட்டை மேசையில் விரித்துவிட்டு, அவர் சங்கத்தின் கடிதத்தாளில் கடைக்கு முறைப்பாடு எழுதினார். இரண்டே முக்கால் பக்கம். அதில் ஒரு பந்தி யாழ்ப்பாணத்துத் தையற்கலையைப் பற்றியது. வெள்ளைக்காரனும் பிழை விடுவான் என்பதில் அவருக்கு ஒரு உள்ளூர மகிழ்ச்சிகூட இருந்தது. படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பினார்.

அடுத்த நாள் காலையிலேயே பதில் வந்துவிட்டது. நாலு வரி, நல்ல மரியாதையான ஆங்கிலம். வருந்துகிறோம், ஆனாலும் உங்கள் மகள் தந்த அளவுக்கே தைத்திருக்கிறோம், படிவத்தை இணைத்திருக்கிறோம், சரிபார்த்துச் சொல்லுங்கள்.

உயரம் ஆறடி ஒன்று. ஆனந்தராசா ஐந்தடி ஐந்து. நெஞ்சு முப்பத்தெட்டு. எடை நூற்று அறுபத்தைந்து இறாத்தல். வாசிக்க வாசிக்க அந்த இலக்கங்களுக்குள்ளிருந்து ஒரு ஆள் எழும்பி நின்றான். ஒடுங்கின இடுப்பு, நீளக் கை, விடியற்காலை ஓட்டம், சோற்றைக் கரண்டியால் எண்ணிப் போடுகிற பழக்கம். ஞானாம்பிகையின் தம்பி, ரொறன்ரோவில் இருக்கிற ரதீசன். சந்தேகப்படவும் வழியில்லாமல், அடியில் குறிப்புப் பெட்டிக்குள் வித்தியாவே எழுதியிருந்தாள்: 'இது என் மாமாவுக்கு. எங்கள் மரபில் மணப்பெண்ணை அழைத்துவருகிறவர் தாய்மாமன்தான்.' அனுப்பவேண்டிய முகவரியை மாற்றத்தான் மறந்துவிட்டாள். இல்-பிசாருக்கு ஸ்டுவர்ட்டோடு குடிபோய் ஒரு வருடமாகியும், அவளுடைய பெயருக்கு நேரே புவாண்ட்-கிளேரில் இருக்கிற இந்த வீடுதான் பதிந்து கிடந்தது.

அப்படி ஒரு மரபு இருப்பதாக அவளுக்கு யார் சொன்னார்கள்? சித்திரையில், நிச்சயதார்த்தத்தில், ஸ்டுவர்ட்டின் குடும்பத்துக்கு முன்னால் முப்பத்தைந்து நிமிடம் நின்று, சாமத்தியச் சடங்கில் தேங்காய் உடைப்பதிலிருந்து தொடங்கி, எங்கள் பண்பாட்டில் தாய்மாமனுக்குப் பிறகுதான் தகப்பனே என்று கையை உயர்த்திச் சொன்னது ஆனந்தராசாதான். அதில் பாதி அவர் அந்த இடத்திலேயே உண்டாக்கினது. படிவத்தின் திகதி அதற்கு அடுத்த கிழமை.

குசினிக்குப் போனார். ஞானாம்பிகை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"உமக்குத் தெரியுமோ?"

கத்தி நின்றது. எது என்று அவர் கேட்கவில்லை. அதுவே போதுமாயிருந்தது.

"தானே சொல்லுறனெண்டவள்."

"எப்ப?"

"பேந்து."

"பேந்தெண்டால்? மண்டபத்து வாசலில வைச்சோ?"

"உங்களுக்கு ஒண்டைச் சொல்ல, நீங்கள் எங்க ஒராளைக் கதைக்க விடுறியள்?" ஞானாம்பிகை புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "அண்டைக்கு நீங்கள் மைக்கோட நிக்க, அவள் பாத்ரூமுக்குள்ள போய் நிண்டு அழுதவள். மாப்பிள்ளை வீட்டாக்கள் மேசைக்குக் கீழ மணிக்கூடு பாத்தவையளாம். கலியாணத்தண்டு பின்னேரமும் மைக் உங்கட கைக்கு வந்தால் எண்டு பயம். தம்பியெண்டால் வந்து, கூட்டிக்கொண்டு போய் விட்டிட்டு இருந்திடுவான்."

ஆக, ஒரு மாதமாக இந்த வீட்டில் அவர் மண்டபத்து நடையைப் பற்றிச் சொன்னதையெல்லாம் ஞானாம்பிகை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எந்தக் காலை முதலில் வைப்பது என்று கேட்டபோது, "வலது," என்று பதிலும் சொல்லியிருக்கிறார். ரதீசனும் போன கிழமை தொலைபேசியில், "என்னத்தான், கலியாண ஏற்பாடெல்லாம் எப்பிடி?" என்று விசாரித்தவன். எல்லாருமாகச் சேர்ந்து ஒரு சின்னப் பிள்ளைக்கு ஊசி போடப்போவதை மறைப்பதுபோல மறைத்திருக்கிறார்கள்.

பின்னேரம் வித்தியா வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, பார்சல் ஒண்டு வந்ததாமே. அம்மா சொன்னவா."

ஆனந்தராசா காலையிலிருந்து தயாராக இருந்தார். முன்னுரை, பதினொரு குற்றச்சாட்டு, முடிவுரை. மகளுடைய முகத்தைப் பார்த்தார். அவள் அவருடைய தோளுக்குப் பின்னால் எங்கேயோ இருந்த கலண்டரைப் பார்த்தாள்.

"அந்தக் கடை சரியில்லையப்பா. அளவை மாத்திப்போட்டாங்கள். நான் திருப்பி அனுப்புறன். உங்களுக்கு வேற சூட் ஒண்டு பாப்பம், என்ன?"

மின்னஞ்சல் அவருடைய சட்டைப் பைக்குள், தொலைபேசியில் இருந்தது. கையைப் பைக்குக் கொண்டுபோனவர், பை வாயை மட்டும் நீவிவிட்டார்.

"ஓம் பிள்ளை. கடைக்காரன்ர பிழைதான்."

அவ்வளவுதான். வித்தியா மிச்சத்துக்காகக் காத்து நின்றாள். முப்பது வருடமாக அவரிடம் மிச்சம் இல்லாமல் எதுவும் முடிந்ததில்லை. குசினியில் ஞானாம்பிகை தண்ணீர்க் குழாயை மூடினார். வித்தியா சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"தாங்கோ, மடிச்சுப் பெட்டிக்குள்ள வைக்கிறன்," என்றாள் கடைசியாக.

"மடிக்கக் கூடாது. நல்ல துணி. நசியும்."

ஆனந்தராசாவே கோட்டை உடுப்பு மாட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். வித்தியாவுடைய காரின் பின்கதவைத் திறந்து, கண்ணாடிக்கு மேலிருந்த கொக்கியில் கொழுவினார். தோள்களைச் சரியாக்கினார். கொலரில் ஒரு நூல் ஒட்டியிருந்தது, அதையும் எடுத்துவிட்டார். கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.

வித்தியா புறப்பட்டாள். தெருமுனையில் தரித்துத் திரும்பியபோது, பின்சீட்டில் கோட் ஆறடி ஆள் ஒருவர் இருப்பதுபோல நிமிர்ந்து, அவளுடைய தோள்பக்கமாக மெல்லச் சாய்ந்தது. பிறகு கார் நேரானது, அதுவும் நேராக உட்கார்ந்துகொண்டது.